பால் மரத்தின் தோழர் ஹென்றி ரிட்லி



சாங்கி விமான நிலையத்தில் வந்திறங்கும் ஒவ்வொரு விமானமும் தன் பெருஞ்சுமையை இரப்பர்ச் சக்கரங்களின் மீதே இறக்கி வைக்கிறது. அச்சக்கரங்களுக்கு வேண்டிய இரப்பரில் பெரும்பகுதி இன்றும் ஒரு மரத்தின் பட்டையிலிருந்து வடியும் பாலிலிருந்தே கிடைக்கிறது. எண்ணெயிலிருந்து செயற்கை இரப்பர் செய்யும் முறை பின்னாளில் வந்ததுதான். ஆயினும் பால் மரத்தின் தேவை தீர்ந்தபாடில்லை. உங்களுள் சிலருடைய பாட்டனாரோ கொள்ளுப்பாட்டியாரோ மலாயாவின் தோட்டங்களில் அம்மரத்தில் பால் வெட்டியவர்களாக இருக்கக்கூடும். வீட்டிற்குச் சென்றதும் கேட்டுப் பாருங்கள். அவர்கள் கையில் உளி ஏறுவதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்னரே, மரத்தைக் கொல்லாமல் அதனிடமிருந்து பால் பெறுவது எப்படி என்று நம் சிங்கப்பூரில் ஒருவர் ஆராய்ந்து கண்டார். அவர்தாம் ஹென்றி நிக்கலஸ் ரிட்லி.

ரிட்லி 1855ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 10ஆம் நாள் இங்கிலாந்தில் நார்ஃபோக் என்னும் பகுதியில் பிறந்தார். தந்தையார் ஒரு பாதிரியார். மூன்று வயதிலேயே தாயாரை இழந்த அச்சிறுவன், பூச்சிகளையும் செடிகளையும் தேடித் திரட்டுவதில் இன்பங் கண்டு வளர்ந்தான். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கற்றுத் தேறிய பின், 1880ஆம் ஆண்டு இலண்டனிலுள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் தாவரவியல் பிரிவில் பணியில் அமர்ந்தார். உலர்ந்த செடிகளைத் தாளில் ஒட்டி, பெயரிட்டு, அடுக்கி வைக்கும் வேலை அது. பெட்டிக்குள் இருக்கும் செடியை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க அவர் மனம் ஒப்பவில்லை போலும். 1887ஆம் ஆண்டு பிரேசில் நாட்டுக்கு அப்பால் நடுக்கடலில் கிடக்கும் ஒரு சிறு தீவுக்குச் சென்று அங்குள்ள உயிர்களை ஆராய்ந்து திரும்பினார். அடுத்த ஆண்டே சிங்கப்பூரில் தோட்டங்களுக்கும் காடுகளுக்கும் இயக்குநர் பதவி அவரைத் தேடி வந்தது. 1888ஆம் ஆண்டு நவம்பரில், முப்பத்து மூன்றாம் வயதை எட்டும் தறுவாயில், அவர் இங்கு வந்து சேர்ந்தார்.

அவர் வந்த சிங்கப்பூர் எவ்வாறு இருந்தது என்பதை நாம் அறிந்துகொள்ளல் வேண்டும். இன்றைய உயர்மாடி வீடுகள் அன்று இல்லை. எனவே தீவெங்கும் பெருங்காடு இருந்திருக்கும் என்று நீங்கள் எண்ணலாம். அது தவறு. தோல் பதனிடவும் சாயமேற்றவும் பயன்படும் காம்பியர் என்னும் பயிருக்காகவும், மிளகுக்காகவும் காடுகள் முன்னமே அழிக்கப்பட்டிருந்தன. காம்பியர் இலையைப் பெரிய கொப்பரைகளில் இட்டு நெடுநேரம் காய்ச்சவேண்டும். அதற்கு விறகு வேண்டும். விறகுக்கு மீண்டும் காடு வேண்டும். சில ஆண்டுகளில் மண் சாரமிழந்துவிடும். பயிரிட்டோர் அந்நிலத்தைக் கைவிட்டு அடுத்த காட்டுக்குள் புகுவர். கைவிட்ட நிலத்தில் லாலாங் புல் மண்டும். இவ்வாறு தீவின் பெரும்பகுதி மொட்டையாகிவிட்டதைக் கண்டு, ரிட்லிக்கு முன் இருந்த கேன்ட்லி என்பவர் 1880களில் எஞ்சிய காடுகளைக் காப்புக் காடுகளாக ஒதுக்கும் பணியைத் தொடங்கியிருந்தார். புக்கிட் தீமா காடு அவ்வாறு ஒதுக்கப்பட்ட ஒன்று. கேன்ட்லி மறைந்தபின் அப்பொறுப்பும் ரிட்லியின் தோளில் விழுந்தது.

தங்ளினில் 1859ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற பூங்காவை நம் முன்னோர் பூமலை என்று அழகாக அழைத்தனர். அப்பூமலையின் ஓர் ஓரத்தில், யாரும் பெரிதாக மதிக்காத சில மரங்கள் நின்றன. அவற்றின் கதை சற்றே நீண்டது.

தென்னமெரிக்காவில் அமேசான் ஆற்றங்கரைக் காடுகளில் இரப்பர் மரங்கள் தாமாகவே வளர்ந்தன. 1876ஆம் ஆண்டு விக்கம் என்னும் ஆங்கிலேயர் அங்கிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை இங்கிலாந்திலுள்ள கியூ பூங்காவுக்குக் கொண்டு சேர்த்தார். அவற்றுள் மூவாயிரத்திற்கும் குறைவானவையே முளைத்தன. அந்த நாற்றுகளில் பெரும்பகுதி இலங்கைக்குச் சென்றது. 1877ஆம் ஆண்டு 22 நாற்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. சில பேராக் மாநிலத்துக் கோலகங்சாருக்கு அனுப்பப்பட்டன. மற்றவை இங்கே நடப்பட்டன. ரிட்லி வந்தபோது அவை வளர்ந்து நிமிர்ந்த மரங்களாக இருந்தன. ஆயினும் அவற்றால் ஆவது என்ன என்று எவரும் அறியார்.

காரணம் இதுதான். அமேசான் காட்டில் பால் எடுப்போர் சிறு கோடரியால் மரத்தைக் கொத்துவர். வெட்டு பட்டையைத் தாண்டி உள்மரம் வரை பாயும். பட்டை கரடுமுரடாக முண்டு முடிச்சாகிவிடும். நாளடைவில் மரம் நலிந்துபோகும். வேறு சில வகைப் பால் மரங்களையோ அடியோடு வெட்டிச் சாய்த்தே பால் எடுத்தனர். அளவற்ற காடு இருக்கிறது, ஒரு மரம் போனால் மற்றொன்று என்பது அவர்கள் எண்ணம் போலும். ஒரு தோட்டக்காரருக்கு அது ஒவ்வாது. ஆறு ஏழு ஆண்டுகள் நீரூற்றிக் காத்த மரத்தைச் சில முறை வெட்டியதும் இழந்துவிட்டால் அவர் எவ்வாறு பிழைப்பார்? ஆகவே, மரமும் வாழவேண்டும், பாலும் வேண்டும் என்னும் கேள்விக்கு விடை காணாதவரை அந்த மரங்கள் வெறும் நிழல் மரங்களே.

ரிட்லி அக்கேள்வியைத் தாமே கையிலெடுத்தார். மரத்தின் பட்டையை நீங்கள் வெளியிலிருந்து மட்டுமே பார்த்திருப்பீர்கள். அதனுள் படலங்கள் பல உண்டு. வெளியே காய்ந்த தோல்; அதற்குள்ளே பால் ஓடும் நுண்குழாய்கள்; அதற்கும் உள்ளே, தாள் போன்று மெல்லிய ஒரு வளர்படலம். மரம் பருப்பதும், புண்பட்ட பட்டை மீண்டும் வளர்வதும் இந்த வளர்படலத்தால்தான். அதனைக் காயப்படுத்தினால் மரத்தின் உயிர்நிலையைத் தொட்டதாகும். பால் குழாய்களைத் திறந்து, வளர்படலத்தைத் தொடாமல் கத்தியை நிறுத்தவேண்டும். இரண்டுக்கும் இடையே உள்ள தொலைவு ஒரு நெல்மணியின் பருமனுக்கும் குறைவே.

பல்வேறு வகையில் வெட்டிப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் எவ்வளவு பால் வடிந்தது, பட்டை எவ்வாறு ஆறியது என்று குறித்துக்கொண்டார். மீன் முள்ளைப் போல, நடுவே ஒரு கோடும் அதன் இருபுறமும் சாய்ந்த கீற்றுகளுமாக வெட்டும் முறை நல்ல பலன் தந்தது. அதனினும் சிறந்த உண்மையொன்று பின்னர்ப் புலப்பட்டது. ஒவ்வொரு முறையும் புதிய இடத்தில் வெட்டவேண்டுவதில்லை. முன்பு வெட்டிய கீற்றின் கீழ் விளிம்பை மட்டும் மெல்லிய தோலாகச் சீவிவிட்டால் போதும். அடுத்தடுத்துச் சீவும்போது பால் குறையும் என்றுதான் யாரும் எண்ணுவர். ஆனால் அது கூடியது! சீவிய இடத்துக்கு மேலே புதுப்பட்டை மெல்ல வளர்ந்து மூடிக்கொண்டது. சில ஆண்டுகள் சென்றபின் அந்தப் புதுப்பட்டையிலும் பால் எடுக்கலாம். வெயில் ஏறிவிட்டால் பால் குறைந்துவிடும் என்பதையும், விடியற்காலையே பால் வெட்ட உகந்த வேளை என்பதையும் அவர் கண்டார். 1890களின் இறுதிக்குள் இம்முறை நன்கு உறுதிப்பட்டுவிட்டது. இன்றளவும் இரப்பர் விளையும் நாடுகளில் பின்பற்றப்படும் முறைக்கு இதுவே அடிப்படை.

கண்டறிந்தது ஒரு பாதி. அதை ஏற்கச் செய்ததோ மற்றொரு பாதி. உண்மையில் அதுவே கடினமான பாதி என்று கூறலாம்.

அக்காலத்தில் மலாயாவின் தோட்ட முதலாளிகள் காப்பி பயிரிட்டு வந்தனர். இன்று நட்டு ஆறு ஏழு ஆண்டுகள் காத்திருந்து பால் எடுக்கும் மரத்தை நட யார் இசைவர்? ரிட்லிக்கு அவர்கள்மீது ஆணையிடும் அதிகாரம் ஏதுமில்லை. ஆகையால் அவர் இரப்பர் விதைகளைச் சட்டைப் பையில் நிரப்பிக்கொண்டு புறப்பட்டார். சந்தித்த தோட்டக்காரரிடமெல்லாம் அவற்றை நீட்டி, நட்டுப் பாருங்கள் என்று வேண்டினார். சிலர் வாங்கி எறிந்துவிட்டனர், பலர் சிரித்தனர். பைத்தியக்கார ரிட்லி என்று பட்டப்பெயரும் சூட்டினர். பயனற்ற மரத்தின்மீது காலத்தை வீணாக்குவதாக மேலிடத்திலும் முகஞ்சுளித்தனர். பத்தாண்டுக் காலம் இவ்வாறு கழிந்தது. ஒரு நாள் கேலிக்கே நாம் சோர்ந்துபோகிறோம். அவரோ மறுநாள் விடியலில் மீண்டும் மரத்தடிக்குச் சென்றார்.

விதையை அனுப்புவதிலும் ஓர் இடர் இருந்தது. இரப்பர் விதை நெடுநாள் உயிர் தாங்காது. சில வாரங்களிலேயே முளைக்கும் ஆற்றலை இழந்துவிடும். ஈரமான கரித்தூளில் பொதித்து அனுப்பினால் அது நெடுவழியைத் தாங்கும் என்பதையும் ரிட்லி சோதித்து அறிந்தார்.

முதலில் அவர் சொல்லுக்குச் செவிசாய்த்தவர் மலாக்காவைச் சேர்ந்த டான் சே யான் என்னும் இளைஞர். சிராங்கூன் சாலைக்குச் சிறிது தொலைவில் நிற்கும் மருத்துவமனைக்குத் தம் பெயரைத் தந்த வள்ளல் டான் டோக் செங் அவர்களின் பேரர் இவர். 1896ஆம் ஆண்டு மலாக்காவில் 40 ஏக்கர் நிலத்தில் இவர் இரப்பர் நட்டார். மலாயாவின் முதல் இரப்பர்த் தோட்டம் அதுவே. அதே ஆண்டுகளில் பிரேசில் காப்பி உலகச் சந்தையில் வந்து குவிந்ததால் காப்பியின் விலை சரிந்தது. மறுபுறம், ரிட்லி சிங்கப்பூருக்கு வருவதற்குச் சற்று முன்னர் அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் டன்லப் என்பவர் தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த இரப்பர்ச் சக்கரத்தை உருவாக்கியிருந்தார். மிதிவண்டி பெருகியது, பின்னர் மோட்டார் வண்டி வந்தது. உலகம் முழுவதும் இரப்பர் இரப்பர் என்று அலையத் தொடங்கியது. நேற்றுச் சிரித்தவர்கள் இன்று விதை கேட்டுப் பூமலையின் வாயிலில் நின்றனர். பூமலையிலிருந்து பல இலட்சம் விதைகள் சென்றன. 1920ஆம் ஆண்டளவில் உலக இரப்பரில் ஏறத்தாழப் பாதி மலாயாவிலிருந்தே கிடைத்தது.

அந்தத் தோட்டங்களில் உழைக்கத்தான் நம் மக்கள் தமிழகத்திலிருந்து பல்லாயிரக் கணக்கில் கப்பலேறி வந்தனர். இருள் விலகுமுன் பெரட்டுக் களத்தில் வரிசையாக நின்று, கங்காணி பெயரைக் கூப்பிட்டதும் உளியையும் வாளியையும் எடுத்துக்கொண்டு நிரைக்குச் செல்வர். பட்டையை மெல்லச் சீவி, வடியும் பாலை மங்கில் ஏந்துவர். உளி சற்று ஆழ்ந்து மரத்தைக் காயப்படுத்திவிட்டால் ஏச்சு விழும். தாளளவு தடிப்பில் தோலைச் சீவும் அந்தக் கைத்திறன் ஏட்டில் படித்து வருவதன்று. ரிட்லி கண்ட முறையை நாள்தோறும் நூற்றுக்கணக்கான மரங்களில் பிழையின்றிச் செய்து காட்டியவர்கள் நம் பாட்டனாரும் பாட்டியாருமே. அவர்களுக்குக் கிடைத்தது லயத்து வீட்டில் ஓர் அறையும் சொற்பக் கூலியும். மலேரியாக் காய்ச்சல் பலரைக் கொண்டுபோயிற்று. மரத்துக்குக் காட்டப்பட்ட பரிவு மனிதருக்குக் காட்டப்படவில்லையே என்று எண்ணும்போது நெஞ்சம் வருந்துகிறது. சிங்கப்பூரிலும் செம்பவாங், ஈசூன் முதலிய வட்டாரங்களில் இரப்பர்த் தோட்டங்கள் இருந்தன. ஈசூன் என்னும் பெயரே இரப்பராலும் அன்னாசியாலும் செல்வரான லிம் நீ சூன் என்பாரின் பெயரிலிருந்து வந்ததாகும்.

இன்னுமொரு வருத்தமும் உண்டு. மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் வழி கிடைத்ததும், அந்த ஒரே மரத்தை நடுவதற்காக மலாயாவின் பெருங்காடுகள் வெட்டப்பட்டன. ஓரினப் பயிர் நின்ற இடத்தில் முன்பு நூற்றுக்கணக்கான மர இனங்கள் நின்றன. அவற்றை நம்பிப் பறவையும் விலங்கும் வாழ்ந்தன. ரிட்லி தேடிச் சென்றது ஒன்று. விளைந்ததில் வேறொன்றும் கலந்திருந்தது. இதற்காக அவரைக் குறைகூறுவது முறையன்று என்பது என் கருத்து. ஆயினும் இதனை மறைத்து அவர் வரலாற்றைச் சொல்வதும் முறையன்று.

ஏனெனில், அந்தக் காடுகளை அவரைப் போல் நேசித்தவர் அக்காலத்தில் மிகச் சிலரே. புக்கிட் தீமா, சாங்கி, கிராஞ்சி என்று தீவின் ஒவ்வொரு மூலைக்கும் சென்றார். எந்தச் செடி எப்போது பூக்கிறது, எந்தப் பழத்தை எந்தப் பறவை தின்று விதையை எங்கே உமிழ்கிறது என்று கண்டதையெல்லாம் குறித்து வைத்தார். செடியின் கிளையொன்றை எடுத்து அழுத்தி உலர்த்தி, இடமும் நாளும் எழுதித் தாளில் ஒட்டினார். 1900ஆம் ஆண்டு சிங்கப்பூரின் தாவரங்களைத் தொகுத்து ஒரு பட்டியலை வெளியிட்டார்.

ஒரு நாள் அவரிடம் ஒரு மலர் வந்தது. ஆர்மீனிய இனத்தவரான ஆக்னஸ் ஜோக்கிம் என்னும் பெண்மணி தம் வீட்டுத் தோட்டத்தில் இரண்டு ஆர்க்கிட் வகைகளைக் கலந்து உண்டாக்கிய புதுமலர் அது. 1893ஆம் ஆண்டு ரிட்லி அதனை ஆராய்ந்து ஓர் ஏட்டில் வெளியிட்டபோது, அம்மலரை உண்டாக்கியவர் அப்பெண்மணியே என்று தெளிவாக எழுதி, அவர் பெயரையே அதற்குச் சூட்டினார். வாண்டா மிஸ் ஜோக்கிம் என்னும் அம்மலர் 1981ஆம் ஆண்டு நம் நாட்டின் தேசிய மலராயிற்று. சிராங்கூன் சாலையில் மாலை கட்டும் கடைகளில் மல்லிகைக்கும் சாமந்திக்கும் அருகே ஆர்க்கிட் மலர்களைக் காணும்போது இச்செய்தியை நீங்கள் உங்கள் அன்னையாரிடம் கூறலாம்.

1907ஆம் ஆண்டு இலண்டன் அரச கழகம் ரிட்லியைத் தன் உறுப்பினராக ஏற்றுச் சிறப்பித்தது. 1912ஆம் ஆண்டு அவர் ஓய்வு பெற்றுக் கியூ பூங்காவின் அருகே குடியேறினார். ஓய்வு என்பது பெயரளவுக்கே. மலாயாத் தீபகற்பத்தின் தாவரங்களைப் பற்றி ஐந்து தொகுதிகள் கொண்ட பெருநூலை 1922 முதல் 1925 வரை வெளியிட்டார். காற்றும் நீரும் விலங்கும் பறவையும் விதைகளை எவ்வாறு உலகெங்கும் பரப்புகின்றன என்பதை விளக்கும் மற்றொரு பெருநூலை 1930ஆம் ஆண்டு வெளியிட்டார். சட்டைப் பையில் விதை சுமந்து அலைந்தவர் எழுதுவதற்கு ஏற்ற பொருளன்றோ! எண்பது வயதைக் கடந்தபின் திருமணம் செய்துகொண்டார் என்பது உங்களுக்கு வியப்பளிக்கலாம். 1955ஆம் ஆண்டு நூறு வயது நிறைந்தது. 1956ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 24ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார்.

தங்ளின் பகுதியில் ரிட்லி பார்க் என்னும் சாலை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 2015ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம் பூமலையை உலக மரபுடைமைத் தலமாக அறிவித்தது. அப்பெருமைக்கு இரப்பர் ஆராய்ச்சியும் ஒரு காரணமாகும். 1930களில் மற்றக் காப்புக் காடுகள் பல கைவிடப்பட்டபோதும் புக்கிட் தீமா தப்பியது. 1951ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு மேலும் பாதுகாப்பளித்தது. 163 மீட்டர் உயரமுள்ள அக்குன்றின் சரிவில் ரிட்லி நடந்த காட்டின் ஒரு பகுதியில் இன்று நீங்களும் நடக்கலாம்.

பூமலைக்குச் செல்லும்போது இரப்பர் மரத்தைத் தேடிப் பாருங்கள். ஒரே காம்பில் மூன்று இலைகள் இருக்கும். அதன் காய் முற்றிக் காய்ந்ததும் பட்டென்ற ஓசையுடன் வெடித்து விதைகளைத் தொலைவில் எறியும். புள்ளி போட்டு மெருகிட்டது போன்ற அந்த விதையைச் சிமெந்துத் தரையில் தேய்த்துச் சூடாக்கி, அடுத்திருப்பவன் கையில் வைத்து அலறச் செய்வது முந்தைய தலைமுறைச் சிறுவர்களின் குறும்பு. உங்கள் தந்தையாரைக் கேட்டால் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்வார்.

அதே பூமலையில், குளிரூட்டிய அறைகளில், ரிட்லி தம் கையால் திரட்டிய உலர்செடிகள் தாளில் ஒட்டியபடி அடுக்கி வைக்கப்பட்டுள்ளன. சிங்கப்பூரிலிருந்து மறைந்துவிட்டதாகக் கருதப்பட்ட செடியொன்று எங்கேனும் ஒரு சதுப்பிலோ குன்றின் சரிவிலோ மீண்டும் தென்படுமானால், ஆராய்ச்சியாளர்கள் அந்த அறைக்குச் சென்று, பழுப்பேறிய தாளை மெல்ல விரித்து, அதன் அருகே புதிய கிளையை வைத்து ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.